கரண்ட் ஓடும் ஒயர் பக்கத்தில் காம்பஸ் முள் ஏன் சில நேரம் திரும்புகிறது, சில நேரம் அசைவதே இல்லை?

கேள்வி இதுதான். பள்ளியில் டார்ச் பேட்டரியோடு ஒரு துண்டு ஒயரை இணைத்து காம்பஸுக்கு மேலே பிடித்தால் முள் சட்டென்று திரும்புகிறது. அதே காம்பஸை வீட்டில் ஓடிக்கொண்டிருக்கும் மிக்ஸியின் ஒயர் பக்கத்தில் வைத்தால் அசையக்கூட மாட்டேன் என்கிறது. மிக்ஸியில்தானே கரண்ட் அதிகம், அப்புறம் ஏன் இப்படி? கேட்டவரின் மாமா விசைப்படகு வைத்திருக்கிறார், வீல்ஹவுஸில், அதாவது படகோட்டும் அறையில், காம்பஸுக்குப் பக்கத்தில் புதிதாக எல்இடி விளக்கு மாட்டப்போகிறார், அதனால் காம்பஸ் தப்பாகக் காட்டுமா என்பது கூடவே வந்த கேள்வி.

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. எல்லோரும் கரண்ட் போகிற கம்பியைத்தான் பார்க்கிறார்கள். அது எந்த வழியாகத் திரும்பி வருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. மின்னோட்டம் ஒரு சுற்று, போனது திரும்பி வந்தே ஆகவேண்டும். போகிற கம்பியும் வருகிற கம்பியும் ஒட்டிக்கொண்டு கிடந்தால் முள்ளுக்கு ஒன்றும் தெரியாது, இரண்டும் பிரிந்து தூரமாகக் கிடந்தால் சின்ன கரண்ட்கூட முள்ளை இழுத்துவிடும். மிக்ஸி, படகு, விமானம், ட்ரோன், கடலடி மின்கம்பி, ஏன் மும்பையில் இருந்த ஒரு ஆய்வகமே இடம் மாறிப்போன கதை வரைக்கும் எல்லாவற்றிலும் இந்த ஒரு விஷயம்தான் ஓடுகிறது. அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

கம்பியில் மின்னோட்டம் ஓடும்போது அதைச் சுற்றி வளையம் வளையமாகக் காந்தப்புலம் உண்டாகிறது. இதைச் சோதித்துப் பார்த்து உலகத்துக்குச் சொன்னவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆர்ஸ்டெட். 1820-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் கோபன்ஹேகனில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது கம்பிக்குக் கீழே இருந்த காந்த ஊசி லேசாக அசைந்ததைப் பார்த்தார். அசைவு மிகச் சிறியது, அதனால் உடனே அறிவித்துவிடவில்லை. பெரிய மின்கலத் தொகுதி ஒன்றை அமைத்து ஜூலை மாதம் மறுபடி மறுபடி செய்து பார்த்தார். ஊசிக்கும் கம்பிக்கும் நடுவில் கண்ணாடி, மரம், உலோகம், தண்ணீர் என்று எதை வைத்தாலும் விளைவு நிற்கவில்லை. பித்தளை ஊசியை வைத்தால் அசையவில்லை. ஜூலை 21 அன்று லத்தீனில் நான்கு பக்கம் அச்சடித்து ஐரோப்பா முழுக்க அனுப்பினார். செப்டம்பரில் செய்தி பாரீசுக்குப் போனது, சில வாரங்களுக்குள் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர், இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று இழுப்பதையும் தள்ளுவதையும் காட்டிவிட்டார், அக்டோபர் முடிவதற்குள் பியோ, சவார் இருவரும் தூரத்தோடு விசை எப்படிக் குறைகிறது என்று அளந்து சொல்லிவிட்டார்கள். எனக்கு இந்த ஒரு வருடத்தைப் பற்றி எப்போது படித்தாலும் சிலிர்ப்புதான், ஒரு ஊசி கொஞ்சம் நகர்ந்ததில் இருந்து ஆறு மாதத்தில் ஒரு துறையே பிறந்துவிட்டது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, வீட்டில் செய்து பார்க்கிற பலரும் சறுக்குகிற இடம். கம்பியை முள்ளுக்கு இணையாக, அதாவது வடக்கு தெற்காகப் பிடிக்கவேண்டும். அப்போதுதான் கம்பியின் காந்தப்புலம் முள் இருக்கிற இடத்தில் கிழக்கு மேற்காக வரும், பூமி வடக்கே இழுக்கும், கம்பி பக்கவாட்டில் இழுக்கும், முள் இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணத்தில் போய் நிற்கும். கம்பியைக் கிழக்கு மேற்காகக் குறுக்கே பிடித்தால் அதன் புலமும் வடக்கு தெற்காகவே விழுகிறது. கரண்ட் ஒரு திசையில் போனால் முள் இன்னும் உறுதியாக வடக்கைப் பார்க்கும், எதிர்த்திசையில் போனால் பூமியின் புலத்தைத் தாண்டும் அளவுக்குக் கரண்ட் இருந்தால் மட்டும் தலைகீழாகப் புரளும். இரண்டும் இல்லையென்றால் அசைவே இருக்காது. "நான் செய்து பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் கம்பியைக் குறுக்கே பிடித்தவர்கள்.

முள் எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கு வலது கை பெருவிரல் விதி எல்லோருக்கும் தெரியும். எனக்கு ஆம்பியரின் நீச்சல் விதிதான் பிடிக்கும். கரண்ட் போகிற திசையில், முகம் முள்ளைப் பார்த்தபடி, கம்பியோடு ஒருவர் நீந்திப் போவதாக நினைத்துக்கொள்ளுங்கள், முள்ளின் வட முனை அவருடைய இடது கைப் பக்கம் விலகும். கம்பி முள்ளுக்கு மேலே, கரண்ட் தெற்கிலிருந்து வடக்கே போகிறது என்றால் அவர் குப்புற நீந்துகிறார், இடது கை மேற்கே, முள் மேற்கே போகும். கம்பியை முள்ளுக்குக் கீழே வைத்தால் அவர் மல்லாந்து நீந்தவேண்டும், இடது கை கிழக்கே வந்துவிடும், முள்ளும் கிழக்கே. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சரி, எவ்வளவு திரும்பும்? கணக்கு எளிது. தனியாக ஓடும் நேரான நீளக் கம்பி ஒன்றுக்கு, ஆம்பியரை 20-ஆல் பெருக்கி, தூரத்தை சென்டிமீட்டரில் எடுத்து வகுத்தால் வருவது காந்தப்புலத்தின் அளவு, மைக்ரோடெஸ்லா என்ற அலகில். 1 ஆம்பியர், 1 சென்டிமீட்டர் தூரம் என்றால் 20 மைக்ரோடெஸ்லா. அதே 1 ஆம்பியர் 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் 2 தான். இதோடு மல்லுக்கட்டுவது பூமியின் காந்தப்புலத்தின் கிடைத்தளக் கூறு, அதாவது தரைக்கு இணையாகப் படுக்கையாக இருக்கும் பங்கு. தமிழ்நாட்டில் அது சுமார் 40 மைக்ரோடெஸ்லா. கம்பியின் புலத்தை இந்த 40-ஆல் வகுத்தால் முள் திரும்பும் கோணத்தின் டேன்ஜன்ட் மதிப்பு வந்துவிடும். 20-ஐ 40-ஆல் வகுத்தால் அரை, கோணம் 26 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே.

இதில் நமக்கு ஒரு தனிச் சாதகம் உண்டு. காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனைப் பக்கமாகப் போகிறது, அதனால் இங்கே பூமியின் புலம் கிட்டத்தட்ட படுக்கையாகவே இருக்கிறது, முழு பலமும் முள்ளை வடக்கே பிடித்துவைக்கப் பயன்படுகிறது. வடக்கே ஐரோப்பாவுக்குப் போனால் புலம் செங்குத்தாக பூமிக்குள் இறங்கத் தொடங்கிவிடும், கிடைத்தளக் கூறு பாதிக்கும் கீழே போய்விடும். கோபன்ஹேகனில் இன்றைக்கு சுமார் 17 மைக்ரோடெஸ்லாதான். அதே 1 ஆம்பியர் கம்பி அங்கே முள்ளை 50 டிகிரி அளவுக்குத் திருப்பிவிடும். ஆர்ஸ்டெட் சென்னையில் பாடம் நடத்தியிருந்தால் அந்த லேசான அசைவு இன்னும் லேசாக இருந்திருக்கும், கவனித்திருப்பாரா என்பதே சந்தேகம்.

இப்போது மிக்ஸிக்கு வருவோம். 750 வாட் மிக்ஸி, 230 வோல்ட், முழு பளுவில் 3.3 ஆம்பியர் மாதிரி எடுக்கும். தனிக் கம்பியாக இருந்தால் 2 சென்டிமீட்டர் தூரத்தில் 33 மைக்ரோடெஸ்லா, முள்ளை நன்றாகவே திருப்பக்கூடிய அளவு. ஆனால் அந்த ஒயருக்குள் இரண்டு கம்பி இருக்கிறது, ஒன்றில் போகிறது, மற்றதில் திரும்புகிறது, நடுவில் இடைவெளி சில மில்லிமீட்டர். ஒன்றின் புலம் இந்தப் பக்கம், இன்னொன்றின் புலம் எதிர்ப்பக்கம், இரண்டும் கிட்டத்தட்ட கழிந்துவிடும். மிச்சம் இருப்பது ஏறத்தாழ இடைவெளியைத் தூரத்தால் வகுத்த பங்கு மட்டும், 3 மில்லிமீட்டர் இடைவெளி, 20 மில்லிமீட்டர் தூரம் என்றால் 15 சதவீதம், அதாவது 5 மைக்ரோடெஸ்லா. தள்ளிப் போகப் போக அந்த மிச்சமும் தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கடகடவென்று இறங்கிவிடும்.

இரண்டாவது காரணம் வீட்டு மின்சாரம் ஏசி என்பது. நொடிக்கு 50 சுழற்சி, அதாவது 10 மில்லிநொடிக்கு ஒரு முறை திசை மாறுகிறது. சாதாரண காம்பஸ் முள் ஒரு முறை ஆடி வரவே ஒரு நொடி அளவுக்கு எடுக்கும். மேற்கே போ என்று சொல்லி அது கிளம்புவதற்குள் கிழக்கே போ என்று சொன்னால் பாவம் அது எங்கே போகும், நின்ற இடத்திலேயே நிற்கும், மிஞ்சிப்போனால் லேசாக நடுங்கும். இரண்டு காரணத்தில் எது முக்கியம் என்று கேட்டால், மிக்ஸியைப் பொறுத்தவரை ஏசி என்பதே போதும், கம்பிகளைப் பிரித்து வைத்தாலும் முள் ஒரு பக்கமாகத் திரும்பாது. ஒரு எச்சரிக்கை, மிக்ஸியின் உடம்புக்குப் பக்கத்தில் காம்பஸைக் கொண்டுபோனால் முள் திரும்பும், அது மோட்டாருக்குள் இருக்கும் இரும்பால் வருவது, சுவிட்சை அணைத்தாலும் அப்படியே இருக்கும். கரண்டால் வந்ததா இரும்பால் வந்ததா என்று பிரித்துப் பார்க்க ஒரே வழி, காம்பஸை நகர்த்தாமல் சுவிட்சைப் போட்டு அணைத்துப் பார்ப்பது.

போகிற கம்பி, வருகிற கம்பி விஷயத்தைக் கண்ணால் பார்க்க ஐந்து நிமிடம் போதும். ஒரு பெரிய டார்ச் செல், 1.5 வோல்ட் சாதாரண செல்லே போதும், ஒரு மீட்டர் ஒயர், ஒரு காம்பஸ். லித்தியம் பேட்டரி, பைக் பேட்டரி, கார் பேட்டரி எதையும் தயவுசெய்து எடுக்காதீர்கள், நேரடியாக இணைத்தால் ஒயர் பழுக்கக் காய்ந்து தீப்பிடிக்கும். செல்லையும் இரண்டு மூன்று நொடிக்கு மேல் தொட்டு வைக்கவேண்டாம், சூடாகும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். முதலில் ஒயரை முள்ளுக்கு மேலே வடக்கு தெற்காக வைத்துத் தொடுங்கள், முள் திரும்பும். இப்போது ஒயரை மடித்து, போவதும் வருவதும் ஒட்டியபடி இரண்டையும் முள்ளுக்கு மேலே வையுங்கள். அதே கரண்ட்தான், முள் அசையாது. அடுத்து மடித்த ஒயரைப் பிரித்து ஒரு பாதியை முள்ளுக்கு மேலேயும் மறுபாதியைக் கீழேயும் விடுங்கள். மேலே வடக்கே போகிறவர் குப்புற நீந்துகிறார், இடது கை மேற்கு. கீழே தெற்கே திரும்புகிறவர் மல்லாந்து நீந்துகிறார், அவருக்கும் இடது கை மேற்கு! இரண்டும் சேர்ந்துகொள்ளும், திருப்பும் விசை ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

அப்படியே காம்பஸைச் சுற்றிப் பத்து முறை சுற்றினால் மிகச் சின்ன கரண்டையும் கண்டுபிடிக்கும் கருவி உங்கள் கையில். ஜெர்மனியின் ஷ்வைகர் இதை 1820-லேயே செய்துவிட்டார். முதல் தந்தி இயந்திரங்கள் இதே வேலைதான், கவுஸும் வேபரும் 1833-இல் கோட்டிங்கனில் ஊசியை அசைத்து ஒருவருக்கொருவர் செய்தி அனுப்பினார்கள், இங்கிலாந்தில் குக்கும் வீட்ஸ்டனும் 1837-இல் ஐந்து ஊசி வைத்து எழுத்துகளைக் காட்டினார்கள்.

நம் ஊரில் பிளஸ் டூ படித்தவர்களுக்கு இது வேறு பெயரில் அறிமுகமாகியிருக்கும், டேன்ஜன்ட் கால்வனோமீட்டர். நடுவில் காம்பஸ் பெட்டி, சுற்றி வட்டமாகக் கம்பிச்சுருள், கரண்டைத் திசைமாற்றியால் மாற்றி மாற்றி அனுப்பி விலக்கத்தைக் குறிப்போம், அதிலிருந்து பூமியின் கிடைத்தளக் காந்தப்புலம் வரும். நான் ஆய்வகத்தில் நின்ற வருடங்களில் அடிக்கடி பார்த்த ஒரு கோளாறு உண்டு. இடப்பக்கம் 44 டிகிரி என்றால் வலப்பக்கம் 50 என்று வரும், பையன்கள் முள் கோளாறு, பெட்டி கோளாறு என்று வேறு கருவி கேட்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி பக்கத்தில் இருக்கிற ரியோஸ்டாட், கரண்டைக் கூட்டிக் குறைக்கும் கருவி. அதுவே ஒரு நீளமான கம்பிச்சுருள், கரண்ட் ஓடினால் தானே ஒரு காந்தம். சுற்றில் அது திசைமாற்றிக்கு முன்னால் இருக்கிறது, அதனால் நாம் திசையை மாற்றினாலும் அதில் கரண்ட் திசை மாறாது. ஒரு தடவை கால்வனோமீட்டருக்கு உதவியாக இழுக்கும், மறு தடவை எதிராக இழுக்கும். ரியோஸ்டாட்டை மேசையின் மறுகோடிக்குத் தள்ளி, கால்வனோமீட்டருக்குப் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் இரண்டு பக்கமும் ஒத்துவரும். பாடப்புத்தகத்தில் கருவியைச் சமன் செய்வது எல்லாம் விரிவாக இருக்கும், இந்த ஒயர் முறுக்குவதை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு.

மேசை மேல் நடப்பதே ஊர் அளவில் நடந்தால் என்ன ஆகும் என்பதற்கு மும்பை சாட்சி. அங்கே கொலாபா ஆய்வகத்தில் 1840-களில் இருந்து பூமியின் காந்தப்புலத்தைத் தொடர்ந்து பதிவு செய்துகொண்டிருந்தார்கள், உலகத்தில் அவ்வளவு நீளமான பதிவு உள்ள இடங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 1900-ஐ ஒட்டி குதிரை இழுக்கும் டிராமை மின்சார டிராமாக மாற்றுவது என்று நகரம் முடிவு செய்தது. டிராமுக்கு வருவது டிசி, அதாவது திசை மாறாமல் ஓடும் மின்சாரம், மேலே கம்பி வழியாக வந்து கீழே தண்டவாளம் வழியாகத் திரும்புகிறது. அதுவே பெரிய சுற்று. அதிலும் தண்டவாளம் தரையில் கிடப்பதால் கரண்டில் ஒரு பகுதி அதை விட்டுக் கசிந்து மண், தண்ணீர்க் குழாய் என்று கிடைத்த வழியில் எல்லாம் ஊர் சுற்றித் திரும்பும். இப்படி 100 ஆம்பியர் கசிந்து ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போனால் அங்கே 0.02 மைக்ரோடெஸ்லா, அதாவது 20 நானோடெஸ்லா. கையில் இருக்கும் காம்பஸுக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் ஆய்வகம் தேடுவது ஒரு நாளில் பூமியின் புலம் சில பத்து நானோடெஸ்லா ஏறி இறங்குவதை. டிராம் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பதிவில் ஒரு கிறுக்கல் விழும் என்றால் அந்தப் பதிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது கொலாபாவின் இயக்குநராக இருந்தவர் மூஸ், அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். அவர் டிராம் வரும்வரை காத்திருக்கவில்லை. கடல் தாண்டித் தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி அலிபாக்கில் இரும்பே சேராத கட்டடம் எழுப்பி 1904-இல் அங்கே பதிவைத் தொடங்கிவிட்டார். அதைவிட முக்கியமாக, 1906 வரை இரண்டு வருடம் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் அளந்தார்கள், பழைய எண்ணும் புதிய எண்ணும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று தெரிந்துகொண்டு பதிவை அறுபடாமல் தைத்துவிட்டார்கள். 1907-இல் மும்பையில் மின்சார டிராம் ஓடியது. அலிபாக் இன்றும் இயங்குகிறது, இந்திய புவிகாந்தவியல் நிறுவனம் நடத்துகிறது. லண்டன் பக்கத்தில் கியூ ஆய்வகத்துக்கும் இதே தலைவலி வந்து, ஸ்காட்லாந்தில் எஸ்க்டேல்மியூர் என்ற ஆள் அரவமற்ற இடத்தில் 1908-இல் புது ஆய்வகம் திறந்தார்கள். ஆனாலும் மூஸ் செய்த அந்த இரண்டு வருட இணைப் பதிவை நினைத்தால் எனக்குப் பெரிய மரியாதை வருகிறது, அந்த ஒரு காரியத்தால்தான் கொலாபாவும் அலிபாக்கும் சேர்ந்து ஒரே தொடராக இன்று பயன்படுகின்றன.

கடலிலும் இதே கதைதான், ஆனால் இங்கே சாதாரணக் கப்பல் காம்பஸே ஏமாறும். 1954-இல் ஸ்வீடன் தன் நிலப்பரப்பில் இருந்து காட்லாண்ட் தீவுக்கு டிசி மின்சாரம் அனுப்பியபோது ஒரே ஒரு கேபிள்தான் போட்டது, திரும்பும் வழி கடல் தண்ணீர். 20 மெகாவாட், 100 கிலோவோல்ட், அதாவது 200 ஆம்பியர், பெரிய தொந்தரவு இல்லை. 1961-இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே ஆங்கிலக் கால்வாய்க் கடலில் கேபிள் போட்டபோது மின்னோட்டம் 800 ஆம்பியர் வரை, மேலே போவது உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதை. தனிக் கேபிள் 40 மீட்டர் ஆழத்தில் கிடந்தால் தண்ணீர் மட்டத்தில் 4 மைக்ரோடெஸ்லா வரும், அந்தப் பகுதியில் பூமியின் கிடைத்தளக் கூறு 20 சுமாருக்கு, கேபிள் வடக்கு தெற்காக ஓடினால் முள் 11 டிகிரி விலகும். மூடுபனியில் காம்பஸை நம்பிப் போகும் மாலுமிக்கு 11 டிகிரி என்றால் சில மைலுக்குள் வேறு இடம். அதனால் அங்கே இரண்டு கேபிள் போட்டார்கள், ஒன்று கூட்டல் 100 கிலோவோல்ட், மற்றது கழித்தல் 100, ஒன்றில் போவது மற்றதில் திரும்பும், கடலுக்கு வேலையே இல்லை. கப்பல் காம்பஸைத் தொந்தரவு செய்யக்கூடாது என்பது அந்த முடிவுக்கு ஒரு காரணம்.

கணக்குப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. சத்தீஸ்கரின் ராய்கரில் இருந்து நம் புகளூருக்கு வரும் டிசி மின்தடம், கூட்டல் கழித்தல் 800 கிலோவோல்ட், 6000 மெகாவாட். வகுத்தால் முழு பளுவில் 3750 ஆம்பியர். போவதும் வருவதும் ஒரே கோபுரத்தின் இரண்டு கைகளில் இருப்பதால் கொஞ்சம் தள்ளிப் போனாலே ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், ஆனால் கம்பிக்கு நேர் கீழே நின்று நிலம் அளக்கக் காம்பஸ் எடுக்காதீர்கள். சாதாரண ஏசி மின்கோபுரத்தின் கீழே முள் அசையாது, காரணம் மிக்ஸியில் சொன்னதுதான். ரயிலிலும் அப்படியே, சென்னை மெட்ரோ 25 கிலோவோல்ட் ஏசி, பெங்களூரு மெட்ரோ 750 வோல்ட் டிசி மூன்றாம் தண்டவாளம். அங்கே நடைமேடையில் காம்பஸை வைத்துக்கொண்டு ரயில் கிளம்புவதைப் பார்த்தால் வித்தியாசம் தெரிய வாய்ப்புண்டு, ரயிலின் இரும்பு வேறு குறுக்கே வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானத்தில் இன்னொரு வகை. சின்ன விமானங்களில் பேட்டரியின் கழித்தல் முனையை உடம்போடு இணைத்துவிடுவார்கள், விளக்குக்கும் ஹீட்டருக்கும் ஒரே ஒயர்தான் போகும், திரும்புவது அலுமினிய உடம்பு வழியாக. எடை மிச்சம், ஆனால் போகும் ஒயர் துணையில்லாமல் தனியாக நிற்கிறது. முன்கண்ணாடியைச் சூடாக்கும் சுவிட்சைப் போட்டால், அதன் பக்கத்திலேயே தொங்கும் காம்பஸ் விலகும். சின்ன விமானங்களுக்கான அமெரிக்க விதிகளில் 2017 வரை காம்பஸ் விலகல் 10 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்று இருந்தது. கண்ணாடி ஹீட்டர் போன்ற கருவியால் அதைத் தாண்டுவதற்கு வேறு நம்பகமான திசைகாட்டி இருந்தால் மட்டுமே அனுமதி இருந்தது, அதையும் எழுதி ஒட்டவேண்டியிருந்தது. காம்பஸுக்குக் கீழே இருக்கும் திருத்த அட்டையில் ரேடியோவைப் போட்டு அளந்ததா அணைத்து அளந்ததா என்றுகூடக் குறிப்பிடுவார்கள்.

ட்ரோன் ஓட்டுகிறவர்களுக்கு இது தினப்பாடு. பேட்டரியில் இருந்து போகும் டிசி கம்பியில் பத்துகள் கணக்கில் ஆம்பியர், மருந்தடிக்கும் பெரிய ட்ரோனில் நூறு ஆம்பியர் அளவுக்கும் போகும். 10 சென்டிமீட்டர் தள்ளித் தனிக் கம்பியாக இருந்தால் 200 மைக்ரோடெஸ்லா, பூமியின் புலத்தைப் போல ஐந்து மடங்கு. ட்ரோன் ஒரு இடத்தில் நிற்காமல் வட்டம் வட்டமாகச் சுழன்று விலகிப்போவது பல நேரம் இதனால்தான், வேகம் கூட்டக் கூட்ட திசை மாறித் தெரியும், அதைத் திருத்தப்போய் இன்னும் தள்ளிப்போகும். ஜிபிஎஸ்ஸையும் காம்பஸையும் ஒரு குச்சி வைத்து உயரத்தில் மாட்டுவது அதற்காகத்தான். முறுக்க வேண்டியது பேட்டரியில் இருந்து வேகக் கட்டுப்படுத்திக்குப் போகும் சிவப்பு, கறுப்பு கம்பிகளை. மோட்டாருக்குப் போகும் மூன்று கம்பிகளில் கரண்ட் வேகமாகத் திசை மாறிக்கொண்டே இருக்கும், அவை காம்பஸுக்கு அவ்வளவு தொல்லை தருவதில்லை. ட்ரோனை இயக்கும் ஆர்டுபைலட் மென்பொருளில் மோட்டாரை ஓடவிட்டுக் கரண்டுக்கு எவ்வளவு விலகல் என்று அளந்து கழித்துக்கொள்ளும் வசதிகூட இருக்கிறது, ஆனால் முதலில் கம்பியை ஒழுங்கு செய்துவிட்டு அதற்குப் போங்கள்.

இனி மாமாவின் படகு. 12 வோல்ட் பேட்டரி, 60 வாட் எல்இடி என்றால் 5 ஆம்பியர், டிசி. சிவப்பு ஒயர் மட்டும் காம்பஸுக்கு 5 சென்டிமீட்டர் பக்கத்தில் போய், கறுப்பு ஒயர் வேறு சுவர் வழியாகச் சுற்றி வந்தால் 20 மைக்ரோடெஸ்லா, 26 டிகிரி வரை தப்பு. இரண்டையும் சேர்த்து முறுக்கி அதே இடத்தில் கொண்டுபோனால் 2 டிகிரிகூட வராது. முறுக்கும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் மிச்சம் இருக்கும் புலம் திசை மாறி மாறி விழுவதால் அதுவும் கழிந்துவிடும், இணையாக ஒட்டி வைப்பதைவிட முறுக்குவது நல்லது என்பது அதனால்தான். காம்பஸுக்கு உள்ளே எரியும் சின்ன பல்பின் ஒயரையும் முறுக்கியே கொண்டுபோகச் சொல்லுங்கள், கரண்ட் குறைவுதான், ஆனால் தூரம் ஒன்றிரண்டு சென்டிமீட்டர். இரும்புப் படகாக இருந்து, கழித்தல் முனையைப் படகின் உடம்பிலேயே இணைத்துத் திருப்பும் வழக்கம் இருந்தால் அதை விளக்குக்குச் செய்யவேண்டாம். இரும்புக் கப்பல்களில் முதன்முதலாக மின்விளக்கு வந்த காலத்தில் உடம்பு வழியாகத் திருப்பி, விளக்கு போட்டால் ஒரு திசை, அணைத்தால் ஒரு திசை என்று அவதிப்பட்டுத்தான் இரண்டு கம்பி முறைக்கு மாறினார்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது முள் ஆடினால் பயப்படவேண்டாம், ஸ்டார்ட்டர் இழுப்பது 200 ஆம்பியர்கூட இருக்கும், சில நொடிதான். நிரந்தரத் தொல்லை வேறு இடத்தில் இருந்து வரும். வயர்லெஸ் பெட்டியின் ஸ்பீக்கருக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது, அணைத்தாலும் போகாது. காம்பஸ் பக்கத்தில் வைக்கும் செல்போன், இரும்பு ஸ்பேனர் எல்லாம் அதே கணக்கு. என் அனுபவத்தில் கரண்டைவிட இவைதான் அதிகம் ஏமாற்றும்.

விளக்கு மாட்டி முடித்ததும் படகு கரையில் கட்டியிருக்கும்போதே ஒரு முறை பார்த்துவிடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முள் நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளவேண்டும், பிறகு விளக்கு, பம்ப், ஜிபிஎஸ், வயர்லெஸ் என்று ஒவ்வொன்றாகப் போட்டு முள் நகர்கிறதா என்று பார்க்கவேண்டும். படகு வடக்கு பார்த்து நிற்கும்போது ஒரு முறை, கிழக்கு பார்த்து நிற்கும்போது ஒரு முறை. ஒரு திசையில் மட்டும் பார்த்தால் போதாது, குறுக்கே பிடித்த கம்பி கதை ஞாபகம் இருக்கிறதல்லவா, ஒரு திசையில் நிற்கும்போது தெரியாத தப்பு இன்னொரு திசையில் திரும்பியதும் வெளியே வரும்.